வாவியும் வைரசும்

இறால் வெளிச்சத்துக்கு ஒதுங்கும் பிராணி. பகலில் குளத்தின் அடிச்சேற்றில் பதுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகே இரை தேடி அலையும். ஆகவே பட்டப்பகலில் இறால்கள் கரையோரம் வந்து சோர்ந்து நிற்பதைக் கண்டால் பண்ணைக்காரருக்கு வயிறு கலங்கும். முதல் நாள் போட்ட தீன் தட்டில் அப்படியே கிடக்கும். ஓர் இறாலைப் பிடித்துத் தலையோட்டைக் கழற்றி வெயிலில் காட்டினால், உட்புறத்தில் அரை மில்லிமீற்றர் முதல் இரண்டு மில்லிமீற்றர் வரை அகலமான வெண்ணிறப் புள்ளிகள் தெரியும். அதன்பின் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மூன்று நாளிலிருந்து பத்து நாளைக்குள் குளத்தில் அநேகமாக எதுவும் உயிரோடு மிஞ்சாது.

இது வெண்புள்ளி நோய். இதற்கு மருந்து கிடையாது. ஆனாலும் உலகின் இறால் வளர்ப்பு அழிந்துவிடவில்லை. முப்பது ஆண்டுகளில் உயிரித் தொழில்நுட்பம் இந்தத் தொழிலுக்குக் கொடுத்தது என்ன, எதைக் கொடுக்க முடியவில்லை என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது. சொல்வதற்கு மட்டக்களப்பு வாவியைவிடப் பொருத்தமான கரை இல்லை. இலங்கையில் பெரிய அளவிலான இறால் பண்ணைகள் முதலில் தோன்றிய இடங்களில் ஒன்று இது. அவை இங்கிருந்து துரத்தப்பட்ட கதையும் இதற்கு உண்டு. இன்னும் முக்கியமாக, கரைகள் எத்தனை இருந்தாலும் இதன் தண்ணீர் ஒன்றுதான்.

வைரஸ் வந்த வழி

நோய் முதலில் தலைகாட்டியது 1992 அளவில், சீனா, தாய்வான் கரைகளில். 1993இல் சீனாவிலிருந்து வாங்கிய குஞ்சுகளோடு ஜப்பானுக்குள் நுழைந்தது. அதே ஆண்டில் சீனாவின் வளர்ப்பு இறால் அறுவடை முந்திய ஆண்டில் பாதிக்கும் கீழே விழுந்தது. 1994இன் இறுதியில் ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் குளங்கள் காலியாயின. 1996இல் சிலாபம், புத்தளம் பக்கத்துப் பண்ணைகள் விழுந்தன. 1999இல் எக்குவடோர். ஏழே ஆண்டில் ஒரு வைரஸ் ஆசியாவிலிருந்து பசுபிக்கின் மறுகரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை ஏற்றிச் சென்றது கடல் நீரோட்டத்தைவிட வணிகமே: உயிருள்ள குஞ்சுகள், தாய் இறால்கள், உறைய வைத்த இறால் பெட்டிகள்.

2001இல் சீனாவிலும் நெதர்லாந்திலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இந்த வைரசின் மரபணுத் தொகுதியை முழுமையாக வாசித்து முடித்தன. இரட்டை இழை டிஎன்ஏ. சுமார் மூன்று இலட்சம் எழுத்துகள். கொவிட் வைரசின் மரபணு முப்பதாயிரம் எழுத்துகள்தான் என்று எண்ணிப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய வைரஸ் என்பது விளங்கும். அதன் மரபணுக்களில் பெரும்பகுதி, அதுவரை எந்த உயிரிலும் அறிந்த மரபணுக்களை ஒத்திருக்கவில்லை. ஆகவே இதற்கென்று நிமாவிரிடே என ஒரு தனிக் குடும்பமே வகுக்கவேண்டி வந்தது.

பண்ணைக்காரருக்கு மரபணுவின் நீளத்தைவிட முக்கியமான செய்தி வேறு. இந்த வைரஸ் இறாலோடு நிற்பதில்லை. நண்டு, சிங்கி இறால், நன்னீர்க் கூனி என ஓட்டுடலிகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்களில் இது காணப்பட்டிருக்கிறது. அவற்றில் பல நோய்க்குறி எதுவும் காட்டாமல் சுமந்து திரியும். சேற்று நண்டு அப்படிப்பட்ட ஒன்று. இரவில் வரம்பேறி ஒரு குளத்திலிருந்து அடுத்ததற்கு நடந்துபோகும் நண்டைச் சாதாரண வரம்பு தடுக்காது. செத்த இறாலைக் கொத்திப் பறக்கும் கொக்கும் நீர்க்காகமும் பாதி வழியில் அதை நழுவவிட்டால் போதும். ஆய்வுகூடத்தில் 30 பாகை செல்சியஸ் கடல்நீரில் இந்த வைரஸ் 30 நாள் வரை உயிர்ப்புடன் இருந்திருக்கிறது. வெயில் படும் குளத்து நீரில் மூன்று நான்கு நாள்தான் தாங்கும். ஆனால் ஒரு குளத்தின் கழிவுநீர் அடுத்த குளத்தின் மதகுக்குப் போய்ச் சேர ஒரு பகல் போதுமே.

எழுவான்கரையும் படுவான்கரையும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். வடக்கே ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனை வரை, கடலுக்குச் சமாந்தரமாக, ஒடுங்கியும் விரிந்தும் கிடக்கிறது. சூரியன் எழும் கடற்கரைப் பக்கம் எழுவான்கரை. சூரியன் படும் வயல்வெளிப் பக்கம் படுவான்கரை. கடலோடு அதற்கு இரண்டே வாய்கள்: நகரத்துக்கு அருகே பாலமீன்மடுவில் ஒன்று, தெற்கே கல்லாற்றுப் பக்கம் ஒன்று. கோடையில் மணல் திரண்டு இந்த வாய்கள் அடைபடும். மாரியில் மழைவெள்ளம் வயல்களை மூடத் தொடங்கும்போது முகத்துவாரம் வெட்டச் சொல்லி விவசாயிகள் கேட்பதும், இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும் என்று மீனவர்கள் தயங்குவதும் ஆண்டுதோறும் நடப்பவை. தண்ணீர் ஒன்றாக இருந்தால் வழக்கும் பொதுவாகத்தான் இருக்கும் என்பது இந்த வாவிக்காரருக்குப் புதிய பாடம் அல்ல.

இந்த உவர்நீரும் கரையோரக் களிமண் நிலமும் இறால் வளர்ப்புக்கு ஏற்றவை என்று கண்டு, 1970களின் பிற்பகுதியிலும் 80களின் தொடக்கத்திலும் கம்பனிகள் மட்டக்களப்புக்கு வந்தன. படுவான்கரையில் கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவில் அமெரிக்க முதலீட்டோடு ஒரு பண்ணை இயங்கியது. 1987 ஜனவரி இறுதியில் விசேட அதிரடிப்படை அந்தப் பண்ணையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நடத்திய படுகொலையில், பண்ணை ஊழியர்கள் உட்பட எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. இறால் பண்ணைப் படுகொலை என்றே அது இன்றும் அறியப்படுகிறது. போர் இறுக இறுகத் தொழில் தீவின் மறுகரைக்கு, சிலாபம், முந்தல், புத்தளம் வாவிகளின் பக்கம், இடம்பெயர்ந்தது.

ஆகவே 1996இல் வெண்புள்ளி வைரஸ் இலங்கைக்குள் வந்தபோது அது தாக்கியது வடமேற்கை. அங்கே பண்ணைகள் பலவும் ஒல்லாந்தர் வெட்டிய கால்வாயிலிருந்தும் அதனோடு தொடுத்த வாவிகளிலிருந்தும் நீர் எடுத்தன; அதே கால்வாய்க்குள்ளேதான் கழிவையும் விட்டன. மேலே ஒருவர் குளத்தை வடித்தால் கீழே ஒருவர் அதையே இறைத்தார். வைரஸ் இதைவிட வசதியான வாய்க்காலைத் தானே திட்டமிட்டிருந்தாலும் பெற்றிருக்காது. மட்டக்களப்பு அந்த அழிவிலிருந்து தப்பியது போரின் தயவால் என்பது கசப்பான உண்மை. போர் ஓய்ந்தபின் கிழக்கிலும் இறால் வளர்ப்பு பற்றிய பேச்சு திரும்பியிருக்கிறது. மேற்குக்கரை விலை கொடுத்துக் கற்றதைக் கிழக்குக்கரை இலவசமாகக் கற்க முடியுமா என்பதே இப்போதுள்ள கேள்வி.

ஏன் ஊசி போட முடியாது?

மாட்டுக்குக் கோமாரி ஊசி, கோழிக்கு இராணிக்கெற் ஊசி. இறாலுக்கு மட்டும் ஏன் இல்லை? இறால் சிறியது, குளத்தில் இலட்சக்கணக்கில் இருக்கிறது என்பது மேலோட்டமான விடை. அடிப்படையான காரணம் அதன் இரத்தத்தில் இருக்கிறது.

தடுப்பூசி என்பது உடலுக்கு ஒரு ஞாபகத்தைக் கொடுப்பது. வைரசின் ஒரு துண்டைக் காட்டினால் நமது உடல் அதற்கென்று பிறபொருளெதிரிகளைச் செய்து, அந்த அடையாளத்தைப் பல ஆண்டுகள் காத்துவைக்கும். முதுகெலும்புள்ள விலங்குகளுக்கு இந்த ஏற்பாடு உண்டு. இறாலுக்கு இல்லை. வந்ததை விழுங்கும் இரத்தக் கலங்களும், காயத்தைக் கறுப்பாக்கி அடைக்கும் நொதியங்களும்தான் அதன் படைபலம். அவை எதிரியைப் பொதுவாக எதிர்க்கும். பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இருந்தும் முயற்சிகள் நடந்தன. வைரசின் வெளியுறையில் விபி28 என்றொரு புரதம் உண்டு. அதைப் பக்டீரியாவுக்குள் உற்பத்தி செய்து, அந்தப் பக்டீரியாவைத் தீனில் கலந்து நெதர்லாந்தின் ஆய்வாளர்கள் வரி இறாலுக்குக் கொடுத்தார்கள். 2004இல் வெளியான அவர்களது முடிவு ஆச்சரியம் தந்தது: முதல் வாரத்தில் நல்ல பாதுகாப்பு இருந்தது. மூன்று வாரத்தில் அது பெரும்பாலும் கரைந்துபோனது. நான்கு மாதம் வளரவேண்டிய இறாலுக்கு மூன்று வாரக் காப்பு போதாது.

இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. 1998இல் அன்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவரும், இரட்டை இழை ஆர்என்ஏயை உயிர்க்கலத்துக்குள் செலுத்தினால் அதே வரிசை கொண்ட மரபணு ஊமையாகிவிடும் என்று புழுக்களில் காட்டினார்கள். 2006இல் நோபல் பரிசும் பெற்றார்கள். இந்த ஆர்என்ஏ குறுக்கீடு இறாலிலும் வேலை செய்தது. வைரசின் மரபணுவுக்குப் பொருந்தும் ஆர்என்ஏயை ஊசியால் ஏற்றியபோது இறால்கள் பிழைத்தன. ஆனால் ஒவ்வோர் இறாலுக்கும் யார் ஊசி ஏற்றுவது? பக்டீரியாவிலோ நுண்பாசியிலோ அந்த ஆர்என்ஏயை விளைவித்துத் தீனோடு ஊட்டும் ஆய்வுகள் தொடர்கின்றன. தீனில் கலந்தது இரைக்குடலைத் தாண்டி உயிர்க்கலத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அதற்கான செலவு ஒரு கிலோ இறாலின் இலாபத்துக்குள் அடங்கவேண்டும். இரண்டாவது நிபந்தனையில்தான் பல கண்டுபிடிப்புகள் ஆய்வுகூட வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

முப்பது சுற்றும் நூற்றைம்பது குஞ்சும்

குணப்படுத்த முடியாவிட்டால் வருவதை முன்கூட்டி அறியலாம். இறால் தொழிலைக் காப்பாற்றியது இந்த எண்ணம்தான். அதைச் சாத்தியமாக்கியது பிசிஆர்.

கொவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த சொல்லாகிவிட்டது பிசிஆர். அதன் வேலை எளிமையானது: தேடும் டிஎன்ஏ துண்டு மாதிரியில் இருந்தால் அதைப் பெருக்கிக் காட்டும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். மாதிரியை 95 பாகை வரை சூடாக்கினால் இரட்டை இழை பிரியும். சற்றுக் குளிரவிட்டால், நாம் சேர்த்த இரண்டு சிறு டிஎன்ஏ முளைகள் வைரசின் வரிசையில் தமக்குரிய இடத்தைத் தேடி ஒட்டும். பிறகு 72 பாகையில் ஒரு நொதியம் அங்கிருந்து எழுத்து எழுத்தாகப் புது இழை பின்னும். ஒன்று இரண்டாகும், மறுசுற்றில் இரண்டு நான்காகும். முப்பது சுற்று முடிந்தால், கணக்கின்படி, ஒரே துண்டு 107 கோடியைத் தாண்டும்.

1983இல் கரி மலிஸ் இந்த முறையை எண்ணினார். 1993இல் அவருக்கு நோபல் கிடைத்தது. கொதிநீருக்கு அண்மித்த வெப்பத்திலும் கெடாத அந்த நொதியம் அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்றுகளில் வாழும் ஒரு பக்டீரியாவுக்குச் சொந்தமானது. 1960களில் தோமஸ் புரொக் அதைத் தேடி எடுத்தபோது இறால் பண்ணையை எண்ணியிருக்க நியாயமில்லை. 1996இல் தாய்வான் ஆய்வாளர்கள் வெண்புள்ளி வைரசுக்கென்று இருகட்ட பிசிஆர் முறையை வெளியிட்டார்கள். முதற்கட்டத்தில் பெருக்கியதை இரண்டாம் கட்டத்தில் மறுபடி பெருக்குவதால், நோய்க்குறியே காட்டாத குஞ்சில் ஒளிந்திருக்கும் சொற்ப வைரசும் அகப்பட்டுவிடும்.

எதைச் சோதிப்பது என்பது அடுத்த கேள்வி. பொரிப்பகத்தில் ஒரு தாய் இறால் ஒரே தடவையில் சில இலட்சம் முட்டையிடும். அவை நோப்ளியஸ், சோயியா, மைசிஸ் என்று உருமாறிப் பின்குடம்பிப் பருவத்தை எட்டியதும் பண்ணைக்கு விற்கப்படும். தாயிடம் வைரஸ் இருந்தால் அது குஞ்சுக்கும் போகும். கடலிலிருந்து பிடித்த தாய் இறாலைக் கொண்டுவந்த அன்றே சோதித்தால் முடிவு பல தடவை சுத்தம் என்றே வரும். முட்டையிட்டு உடல் தளர்ந்த பிறகு அதே தாயைச் சோதித்தால் வைரஸ் வெளியே வந்திருக்கும். இதையும் தாய்வான்காரர்களே காட்டினார்கள். ஆகவே முட்டையிட்ட பின் தாயைச் சோதி, தாய்வாரியாக முட்டைகளைப் பிரித்து வை, நோய் தெரிந்தால் அந்தத் தொட்டியை அழி என்பது விதியானது.

குஞ்சுத் தொட்டியில் எத்தனை குஞ்சை எடுப்பது? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நமது பழமொழி. பானைச் சோறு முழுவதும் ஒரே நெருப்பில் ஒன்றாக வேகிறது. அதனால் ஒரு பருக்கை போதும். தொட்டியிலுள்ள குஞ்சுகளோ வேறு வேறு தாய்களுடையவை. நோய் சிலவற்றில் இருக்கும், பலவற்றில் இராது. நூற்றுக்கு இரண்டு குஞ்சில் வைரஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணை மூடி ஒரு குஞ்சை எடுத்தால் அது சுத்தமாக இருக்க 98 விழுக்காடு வாய்ப்பு. 0.98ஐ 150 தடவை பெருக்கினால் 0.048 வரும். அதாவது, 150 குஞ்சை எடுத்து அவற்றில் ஒன்றேனும் நோயுற்றதாக இருக்கும் வாய்ப்பு 95 விழுக்காட்டுக்குச் சற்று மேல். நூற்றுக்கு ஐந்து எனில் 60 குஞ்சு போதும். நூற்றுக்கு ஒன்றைப் பிடிக்க 300 வேண்டும். பத்துக் குஞ்சை மட்டும் அரைத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கும் 'நோயில்லை' என்ற சீட்டுக்கு அந்த இரண்டு விழுக்காட்டு நோயைப் பொறுத்தவரை ஐந்தில் ஒரு பங்கு மதிப்புக்கூட இல்லை. பிசிஆர் எவ்வளவு கூர்மையானாலும் மாதிரி எடுக்கும் கை சிக்கனம் பிடித்தால் அது குருடுதான்.

வரம்பில் வைத்துப் பார்க்கும் சோதனை

பிசிஆருக்குச் சூடும் குளிரும் மாறிமாறிக் கொடுக்கும் இயந்திரம் வேண்டும், தடையில்லா மின்சாரம் வேண்டும், பழகிய கை வேண்டும். படுவான்கரையின் ஒரு குளத்தங்கரையில் இவை ஒன்றும் இருக்கப்போவதில்லை. 2000இல் ஜப்பானில் அறிமுகமான லாம்ப் என்ற முறை சூட்டை மாற்றாமலே டிஎன்ஏயைப் பெருக்குகிறது. இழையைப் பிரிக்கக் கொதிக்க வைக்கத் தேவையில்லை. இதில் வேலைசெய்யும் நொதியம் பழைய இழையைத் தானே விலக்கிக்கொண்டு புதியதைப் பின்னும். நான்கு முதல் ஆறு முளைகள், 60 முதல் 65 பாகை வெந்நீர், ஏறத்தாழ ஒரு மணி நேரம், இவ்வளவே. வைரஸ் இருந்தால் குழாய்க்குள் நீர் வெண்மையாகக் கலங்கும். 2004இலேயே இது வெண்புள்ளிக்குப் பொருத்திக் காட்டப்பட்டுவிட்டது.

இன்னும் எளியது கீற்றுச் சோதனை. இறாலின் பூவை நசுக்கிய சாற்றில் கீற்றைத் தோய்த்தால் கால் மணி நேரத்தில் கோடு விழும். வைரஸ் புரதத்துக்கு எதிராக எலியில் உண்டாக்கிய பிறபொருளெதிரிகள் அந்தக் கோட்டில் காத்திருக்கின்றன. ஆனால் இது பெருக்குவதில்லை. நோய் முற்றிய இறாலில்தான் தெளிவாகத் தெரியும். குஞ்சு வாங்கும்போது உதவாது. சந்தேகமான குளத்தின் மதகைத் திறக்கலாமா என்று உடனே முடிவெடுக்க உதவும்.

அண்மைய வரவு கிறிஸ்பர். மரபணுவை வெட்டி ஒட்டும் கத்திரிக்கோல் என்றே இது செய்திகளில் வரும். 2020இல் நோபல் பெற்றதும் அதற்குத்தான். இதன் ஒரு வகை, தான் தேடும் வரிசையைக் கண்டதும் அருகிலுள்ள ஆர்என்ஏகளையும் வெறிகொண்டு வெட்டத் தொடங்கும். வெட்டுப்பட்டால் ஒளிரும் துணுக்குகளைப் பக்கத்தில் போட்டுவைத்தால் அது அறிவிப்பு மணியாகிவிடும். 2019இல் வெளியான ஓர் ஆய்வு இதை வெண்புள்ளி வைரசைக் களத்திலேயே கண்டறியப் பயன்படுத்திக் காட்டியது. கிறிஸ்பர் இயற்கையில் பக்டீரியாக்களின் வைரஸ் தடுப்பு ஏற்பாடு. தம்மைத் தாக்கிய வைரசின் துண்டுகளைத் தமது டிஎன்ஏயிலேயே சேமித்துவைக்கும் ஞாபகக் கிடங்கு. இறாலுக்குப் பிறவியில் கிட்டாத நினைவாற்றலைப் பக்டீரியாவிடமிருந்து கடன் வாங்கி இறாலைக் காக்கிறோம்.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு: கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். 2009 அளவில் சீனாவில் குஞ்சு விட்டு ஒரு மாதத்துக்குள் குளங்கள் சாகத் தொடங்கின. வெண்புள்ளிச் சோதனை 'இல்லை' என்றது, அது பொய்யுமல்ல. 2013இல்தான் அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லைட்னர் குழு, ஒரு விப்ரியோ பக்டீரியா தோற்றுவிக்கும் நஞ்சே காரணம் என்று கண்டது. பிறகே அதற்கும் ஒரு பிசிஆர் வந்தது.

சுத்தமான தாய்

கடலில் பிடித்த தாய் இறாலை நம்பும்வரை ஒவ்வொரு பருவமும் சூதாட்டம்தான். 1980களின் இறுதியில் ஹவாயின் ஓசியானிக் நிறுவனத்தை மையமாகக் கொண்ட அமெரிக்கத் திட்டம் இதற்கு ஒரு மாற்று வழி தேடியது. பசுபிக்கின் வன்னாமை இறாலைப் பிடித்துத் தனித்தனியாகத் தடுத்து வைத்து, திரும்பத் திரும்பச் சோதித்து, குறித்த நோய்கள் எதுவும் இல்லாதவற்றை மட்டும் மூடிய கட்டடங்களுக்குள் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள். கடலைப் பார்க்காத இறால் வம்சம் உருவானது. வேகமாக வளரும் குடும்பங்களை மரபணு அடையாளத்தால் பிரித்தறிந்து தேர்ந்தெடுக்கவும் முடிந்தது. இன்று உலகில் வளர்க்கப்படும் இறாலில் பெரும்பங்கு வன்னாமையே. இந்தியா 2009இல் அதற்கு அனுமதி கொடுத்தது. வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையிலுள்ள தடுப்புக் காப்பகத்தில் சோதனை முடிந்தே வெளியேறும். இலங்கையும் பின்னர் அந்த வழிக்கு வந்தது.

இங்கே ஒரு மயக்கம் பண்ணைக்காரரிடையே பரவலாக உண்டு. நோயற்ற இறால் என்றால் நோய் எதிர்க்கும் இறால் என்று பொருளல்ல. பட்டியலிட்ட கிருமிகள் இல்லாமல் அது பிறந்திருக்கிறது, அவ்வளவே. வைரஸ் உள்ள தண்ணீரில் விட்டால் மற்ற இறாலைப் போலவே அதுவும் சாகும். கிழக்கின் மாரிகாலம் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. வாடை மழையில் வாவியின் உவர்ப்பும் வெப்பமும் சடுதியாக இறங்கும். அப்படி உடல் அலைக்கழியும்போதுதான் உள்ளே அடங்கிக் கிடக்கும் வைரஸ் பெருகும். நீர் 32, 33 பாகையில் இருக்கும்போது நோய் அடங்கியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சுத்தமான குஞ்சைக் கார்த்திகையில் விட்டால், அதன் சுத்தத்தால் வரும் பயனில் பாதியை மழை தின்றுவிடும்.

சீட்டு யாருடையது?

தமிழ்நாட்டில் இறால் பண்ணைகளுக்கு எதிரான வழக்கு நோயைப் பற்றியதாகத் தொடங்கவில்லை. நாகப்பட்டினம் கரையோரத்தில் வயலும் குடிநீரும் உவர்ப்பதைக் கண்டு காந்தியர் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் மக்களைத் திரட்டினார்கள். 1996 டிசம்பரில் இந்திய உச்சநீதிமன்றம் கரையோர ஒழுங்குமுறை வலயத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபை சட்டத்தால் அமைந்தது. பண்ணை ஒருவருடையதாக இருக்கலாம், அதன் கழிவு ஊருடையது என்று அந்த வழக்கு நிறுவிவிட்டது.

வைரசைச் சமாளிக்கவும் ஏறத்தாழ அதே முடிவுக்குத்தான் வரவேண்டியிருந்தது. 2000களின் தொடக்கத்தில் ஆந்திராவின் மொகல்தூரு பகுதியில், கடற்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் துணையோடு சிறு பண்ணைக்காரர்கள் குழுக்களாகச் சேர்ந்தார்கள். தனித்தனியாக மலிந்த குஞ்சு வாங்குவதை விட்டுவிட்டு, பொரிப்பகத்தோடு கூட்டாகப் பேசி, சோதித்த குஞ்சை ஒரே நாட்களில் வாங்கி விட்டார்கள். குளத்தைச் சுற்றி நண்டு வேலி கட்டினார்கள். நோய் வந்த குளத்தை அயலாருக்கு அறிவிக்காமல் வடிப்பதில்லை என்று உடன்பட்டார்கள். இலங்கையின் வடமேற்கிலும் பண்ணைச் சமித்திகள் சேர்ந்து வலயம் பிரித்து, எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விடலாம் என்று பயிர் நாட்காட்டி போட்டுக்கொண்டன. பிசிஆர் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தபோதுதான் அதற்குப் பல் முளைத்தது. நாட்காட்டி இல்லாத இடத்தில், நல்ல சீட்டோடு குஞ்சு விட்டவரும் பக்கத்துக் குளத்தால் அழிந்தார்.

மட்டக்களப்பு வாவிக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். வடமேற்கில் வைரசின் பாதை பெரும்பாலும் பண்ணையிலிருந்து பண்ணைக்கு. இங்கே பண்ணைகளைவிட அதிகமாக வாவியை நம்பியிருப்பவர்கள் தோணியும் வீச்சுவலையும் கொண்ட மீனவர்கள். காட்டு இறாலும் நண்டும்தான் அவர்களது வருமானம். ஒரு பண்ணை நோய்த் தண்ணீரைத் திறந்துவிட்டால் அது முதலில் சேர்வது அவர்களது வலைக்குள் இருக்கும் உயிர்களிடம். முகத்துவாரம் அடைந்து கிடக்கும் மாதங்களில் அந்தத் தண்ணீர் கடலுக்குப் போகவும் வழியில்லை. குஞ்சுக்கான சோதனைச் சீட்டு பண்ணைக்காரரின் கையில் இருக்கிறது. நோயின் செலவில் ஒரு பங்கு மீனவரின் கணக்கில் விழுகிறது.

ஆகவே இங்கே இறால் வளர்ப்பு மறுபடி வேரூன்றுவதானால், ஒழுங்குகள் குளம் வெட்டுமுன் வரவேண்டும். குஞ்சுகளின் பரிசோதனை முடிவு, எத்தனை குஞ்சில் எடுத்தது என்ற எண்ணோடு, பிரதேச செயலகத்திலும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்டப்படவேண்டும். மாரிக்கு முன் அறுவடை முடியும்படி ஒரே நாட்காட்டி வேண்டும். நோய் கண்ட குளத்தின் மதகை அடைத்துக் குளோரின் இட்டு, வைரஸ் செத்ததென்று உறுதியான பிறகே நீரை விடவேண்டும். கண்டலை வெட்டிக் குளமாக்க அனுமதிக்கக்கூடாது. வாவி நீரை வடிகட்டி அதில் மிதக்கும் டிஎன்ஏயைப் படிக்கும் முறைகள் இப்போது வந்துவிட்டன. குளத்துக்குள் பார்க்கும் அதே பிசிஆரால் பாலமீன்மடுவிலும் கல்லடியிலும் மண்டூரிலும் நீர் எடுத்து மாதாமாதம் வாவியையும் பார்க்கலாம். வந்தாறுமூலையில் 1986 முதல் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. இதைப் பழகக்கூடிய மாணவர்கள் வாவிக்கரை ஊர்களின் பிள்ளைகள்தான்.

இந்தப் பட்டியலில் புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. நொதியமும் முளையும் கீற்றும் காசுக்குக் கிடைக்கும். கிடைக்காதது, ஒரு குளத்தின் நோய்ச் செய்தியை அதே நாளில் அடுத்த கரைக்குச் சொல்லவேண்டும் என்ற கட்டாயம். அதை எந்த ஆய்வுகூடமும் தயாரித்து அனுப்பாது. பண்ணைக்காரரும் மீனவரும் வயற்காரரும் ஒரு மேசையில் இருந்து எழுதவேண்டிய ஒப்பந்தம் அது. முகத்துவாரம் எப்போது வெட்டுவது என்று ஆண்டுதோறும் வாதாடிப் பழகிய கரைக்கு, மதகு எப்போது திறப்பது என்று பேசித் தீர்ப்பது முடியாத காரியமல்ல.